சுயசான்று முறையில் வீடு கட்ட அனுமதி: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மனைதாரர்கள் அறிய வேண்டியவை

ஓசூர் சிப்காட்டைச் சுற்றிலும் சூளகிரி, பாகலூர் சாலைகளிலும் வேலைக்கு வந்து குடியேறுவோரின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் வீடுகள் இல்லை. இங்கே வாடகை உயர்வதற்கு இதுவே முதன்மையான காரணம். பெரிய அடுக்குமாடிகள் ஒருபுறம் எழுந்தாலும், முப்பதுக்கு நாற்பது மனையில் கீழ்த்தளத்தில் தாம் குடியிருந்து மேல்தளத்தை வாடகைக்கு விடும் தனிநபர்களே இப்பகுதியின் வாடகை வீடுகளில் கணிசமானவற்றைக் கட்டித் தருகின்றனர். அவர்களுக்கு வரைபட அனுமதி தாமதமானால் வங்கிக் கடன் தாமதமாகும். கடன் வராமல் அஸ்திவாரம் தோண்டுவோர் அரிது.

இந்தத் தாமதத்தைக் குறைக்கவே தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் சுயசான்றிதழ் திட்டத்தை, அதாவது விவரங்கள் சரி என்று விண்ணப்பதாரரே உறுதியளித்து அனுமதி பெறும் முறையை, தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்டதாக, மொத்தம் 3,500 சதுர அடிக்கு மிகாமல் கட்டப்படும் குடியிருப்புக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். கடைக்கும் கிடங்குக்கும் இது பொருந்தாது. கிரயப் பத்திரம், பட்டா, வரைபடம், மனையின் புகைப்படம் ஆகியவற்றைப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினால், க்யூஆர் குறியீட்டுடன் அனுமதி ஆணை கிடைத்துவிடும். பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்பு, வசதிக் கட்டணமும் இதில் இல்லை. அவற்றுக்குப் பதிலாகச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வாங்கப்படுகிறது. அத்தொகை ஊராட்சிகளில் குறைவு, மாநகராட்சியில் அதிகம் என்பதால், 2019-இல் மாநகராட்சியான ஓசூரின் எல்லைக்குள் கட்டுவோர் முதலிலேயே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. கட்டட முடிவுச் சான்றிதழிலிருந்தும் விலக்கு உண்டு; ஆகவே வீடு முடிந்தபின் மின் இணைப்புக்காக அந்தச் சான்றைக் கேட்டு அலைய வேண்டியதில்லை.

அனுமதிக்கு முன் அலுவலர் வந்து பார்த்துச் சரிசொல்லும் கட்டம் நீங்கியதால், சொன்ன விவரங்கள் யாவும் உண்மை என்ற பொறுப்பு முழுவதும் விண்ணப்பதாரரின் தலையில் வந்து விழுகிறது. நம் பகுதியில் பலர் இடறும் இடம் மனையின் அங்கீகாரமே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஆண்டுகளாகப் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி மனைகள் விற்கப்பட்டன. ஆனால் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவரின் கையெழுத்துக்கு இல்லை. அது நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதலைப் பெற்றே நடக்க வேண்டியது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் கொண்டுவரப்பட்டன. உங்கள் மனை அப்படி வரன்முறை பெற்றதா என்பதைப் புரோக்கரின் வாய்ச்சொல்லை நம்பாமல், ஆணையின் நகலை வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கீகாரமோ வரன்முறை ஆணையோ இல்லாத மனையில் உடனடி அனுமதி கிடைப்பதாக யாரேனும் சொன்னால், பின்னால் வரும் சிக்கலுக்கும் அவரே வந்து நிற்பாரா என்று கேட்பது தகும்.

அடுத்தது பட்டா. அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும் நிலத்தில் ஒருவர் மட்டும் கட்ட முற்பட்டால், உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிய பிறகு விண்ணப்பிப்பதே பாதுகாப்பானது. பத்திரத்தில் உள்ள அளவும் மண்ணில் உள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுவதும் அவசியம். அரை அடி குறைந்தாலும், அந்தக் குறைந்த அளவுக்குள்ளிருந்துதான் பக்கவாட்டுக் காலி இடத்தையும் விட வேண்டும்.

இத்திட்டத்தால் மனை விலை இறங்கிவிடாது. ஓசூரில் நிலத்தின் விலையை நிர்ணயிப்பது பெங்களூருவின் நெருக்கமும் தொழிற்சாலைகளின் வரவும்தான். அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களும், அந்த மாதங்களில் கட்டும் இரட்டைச் செலவான வாடகையும் மனை வாங்கிய கடனின் வட்டியும்தான் இதனால் மிச்சமாகும். அந்த மிச்சமே பல குடும்பங்களுக்கு மேல்தளத்தையும் சேர்த்துக் கட்டும் துணிவைத் தரக்கூடியது.

பதிவேற்றிய விவரம் பொய்யென்று தெரிந்தாலோ, வரைபடத்தை மீறிக் கட்டினாலோ அனுமதி ரத்தாகும், நடவடிக்கையும் உண்டு. மேஸ்திரிகள் வேலையின் நடுவில் ‘இந்தப் பக்கம் ரெண்டடி இழுத்துக்கலாம்’ என்று சொல்வது வழக்கம். அப்படி இழுப்பதற்குமுன் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி பெற வேண்டும். அனுமதி ஆணையின் ஓர் அச்சுப் பிரதியை வேலை நடக்கும் இடத்திலேயே வைத்திருங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.