மொட்டை அடிக்க வேண்டாம், ஆன்ட்டி

போன மாதம் ஈசூனிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டிக்குக் காது நரம்பில் சின்னக் கட்டி. நாற்காலியில் உட்காரும் முன்பே, "தம்பி, எப்ப மொட்டை அடிப்பீங்க?" என்று கேட்டார். கத்தியே இல்லாமல் கதிர்வீச்சால் செய்யும் சிகிச்சைக்குக் காமா நைஃப் (காமா கத்தி) என்ற பெயர் செய்த வேலை அது. கதிர்வீச்சுப் பிரிவில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது.

மொட்டையும் இல்லை, தையலும் இல்லை. மண்டையைத் திறப்பதே பெரிய ஆபத்தாக இருந்த காலத்தில், திறக்காமலே உள்ளே இருக்கும் ஒரு புள்ளியை அழிக்க முடியாதா என்று யோசித்தவர் சுவீடனின் மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். இப்படி இடத்தைத் துல்லியமாகக் குறித்துக் கதிரால் செய்யும் சிகிச்சைக்கு ஸ்டீரியோடாக்டிக் ரேடியோசர்ஜரி என்று 1951-ல் பெயர் வைத்ததும் அவர்தான். முதலில் எக்ஸ்ரே குழாய், அப்புறம் உப்சாலாவில் புரோட்டான் கதிர், 1960களின் இறுதியில் ஸ்டாக்ஹோமில் கதிர் வீசும் 179 கோபால்ட் மூலங்கள் வைத்த மெஷின், அதுதான் முதல் காமா நைஃப். தனித்தனியாக ஒவ்வொரு கதிரும் பலவீனம். எல்லாம் சேருகிற இடத்தில்தான் அடி விழும்.

இதில் எனக்குப் பிரமிப்பு என்னவென்றால், அப்போது சிடி ஸ்கேனே கிடையாது, அது நோயாளிகளுக்கு வந்தது 1971-ல். மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, அந்த நிழலை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! அதனால் லெக்செல் முக்கியமாக மனதில் வைத்திருந்தது தீராத வலி, கை நடுக்கம் போன்றவற்றைத்தான். கட்டிகளுக்கு இவ்வளவு பயன்பட ஆரம்பித்தது சிடியும் எம்ஆர்ஐயும் வந்த பிறகு.

வலியே இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். தலை அசையாமல் இருக்க ஓர் உலோகச் சட்டத்தைத் தலையில் பொருத்த நான்கு திருகுகள், அதற்கு மரத்துப்போகும் ஊசி, அது சுள்ளென்று இருக்கும். சிலருக்கு முகமூடி போதும். பெரும்பாலும் அன்றே வீடு. ஆன்ட்டி கிளம்பும்போது கேட்டது, "தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?" புண் ஆறட்டும் என்றேன்.

உண்மையான சிக்கல் பிறகுதான். ஆறு மாத ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் உடனே சென்னைக்கு டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. காது நரம்புக் கட்டி சில நேரம் வீங்கிவிட்டுத்தான் அடங்கும். பல கட்டிகள் மறையவும் மறையாது, வளராமல் நின்றாலே வெற்றி. மூளை ரத்தக்குழாய்ச் சிக்கலுக்குச் செய்திருந்தால், அது மூட இரண்டு மூன்று வருடம்கூட ஆகும், அதுவரை ரத்தக்கசிவு ஆபத்து இருக்கிறது, ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று கடுமையான தலைவலியோ, கை கால் பலவீனமோ, வலிப்போ வந்தால் அடுத்த அப்பாயிண்ட்மென்டுக்குக் காத்திருக்காமல், இங்கே சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.