கண்ணாடி இல்லாத வண்டி

பயணம் முடிந்ததும் விமானத்தில் நாங்கள் உட்கார்ந்து ஓட்டும் காக்பிட்டை எட்டிப் பார்க்க வரும் பிள்ளைகளில் ஒருவராவது கேட்டுவிடும்: "அங்கிள், சைடு கண்ணாடி எங்கே?" இல்லை என்றால் நம்பாது. அப்பாவின் பைக்கிலேயே இரண்டு இருக்கிறதே!

நியாயமான கேள்விதான். ஏர்பஸ் ஏ380-ன் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஏறக்குறைய 80 மீட்டர். நுனி எங்கள் இருக்கைக்கு வெகுதூரம் பின்னால் இருக்கிறது. பெரிய விமானங்கள் பலவற்றில் கன்னத்தை ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தாலும் அது கண்ணில் படாது. ஆகவே தரையில் நாங்கள் நம்பியிருப்பது டாக்ஸிவே, அதாவது விமானம் தரையில் ஊர்ந்து போகும் பாதை, அதன் நடுவில் போட்ட மஞ்சள் கோட்டை. மூக்குச் சக்கரம் கோட்டிலேயே போனால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும் என்பது கணக்கு. ஆனால் அடுத்த விமானமும் தான் நிற்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக நின்றால்தான் அந்தக் கணக்கு சரிவரும்.

2011 ஏப்ரல் 11 இரவு நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் அந்தக் கணக்கு தவறியது. பாஸ்டனிலிருந்து வந்து இறங்கிய சிறிய சிஆர்ஜே-700 ஒன்று, டெர்மினல் பக்கம் திரும்பிவிட்டு உள்ளே போக இடமில்லாமல் நின்றது. வால் இன்னும் டாக்ஸிவே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பாரிஸுக்குப் புறப்பட்ட ஏர் ஃபிரான்ஸ் ஏ380 தன் கோட்டில்தான் வந்தது. அதன் இடது இறக்கை நுனி அந்த வாலில் பட்ட வேகத்தில் சின்ன விமானம் பம்பரம் மாதிரி திரும்பிப்போனது. இரண்டிலும் சேர்த்து 586 பேர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

2024 செப்டம்பரில் அட்லாண்டாவில் கிட்டத்தட்ட அதே கதை. ரன்வேக்குப் போகக் காத்திருந்த ஒரு சிஆர்ஜே-900-ன் பின்னால் டெல்டாவின் ஏ350 கடந்தபோது, சின்ன விமானத்தின் வால் அப்படியே பிய்ந்து சாய்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கொல்கத்தாவில், சென்னைக்குப் புறப்படக் காத்திருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை இண்டிகோவின் ஏ320 இறக்கையால் உரசியது. இண்டிகோ விமானிகள் இருவரையும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ பணியிலிருந்து விலக்கி வைத்தது. ஏ320 ஒன்றும் பெரிய விமானம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

திருப்பத்தில் இன்னொரு சிக்கல். பஸ் வளைவில் திரும்பும்போது பின்பக்கம் வெளியே வீசுமே, அதுபோல் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனியும் நாம் எதிர்பார்ப்பதைவிட அகலமாக வட்டம் போடும். அதனால்தான் நேர்ப்பாதையில் 20 நாட் வேகத்துக்கு (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) மேல் போகிற நாங்கள், திருப்பத்தில் பத்துக்கு இறங்குகிறோம்.

ஒரு மழை இரவில் எனக்கும் இறக்கை இடிக்குமோ என்ற சந்தேகம் வந்தது. முன்னால் வலப்பக்கம் ஒரு விமானம் தன் நிறுத்துமிடத்தில் முழுசாக நுழையாமல் நின்றிருந்தது. ஈரத் தரையில் எல்லா விளக்கும் கலங்கித் தெரிந்ததால் இடைவெளி ஐந்து மீட்டரா பத்து மீட்டரா என்று மட்டுக்கட்ட முடியவில்லை. "போயிடலாம் சார், கோட்டில்தானே இருக்கோம்" என்றார் கோ-பைலட். நான் பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு, இறக்கை நுனியோடு நடந்து வந்து இடைவெளியைப் பார்த்துச் சொல்ல ஆள் அனுப்பச் சொன்னேன். இருபது நிமிடம் போனது. கேபினில் முணுமுணுப்பு, இறங்கும்போது ஒருவர் முகத்துக்கு நேராகவே திட்டினார். கையில் விளக்கோடு நடந்து வந்த பையனைப் பார்த்தபோது, எங்கள் ஊர்த் தேர் மூலை திரும்புகையில் முட்டுக்கட்டையோடு கூடவே ஓடுகிறவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். வடம் பிடிக்கிறவனுக்குத் தேர்ச் சக்கரம் தெரியாது.

இதற்குக் கேமரா வைக்கக் கூடாதா? வைக்கலாம். இறக்கை நுனி தெரியாத பெரிய விமானங்களில் மோதலைத் தடுக்கும் கருவி வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-லேயே பரிந்துரைத்தது. ஏ380-ல் கேமரா இருக்கிறதுதான். ஆனால் அது முக்கியமாகச் சக்கரங்களைக் கோட்டில் வைத்துக்கொள்ள உதவுவது.

தரையில் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. லக்கேஜ் வண்டியோ ஏணியோ விமானத்தின் உடம்பில் பட்டுவிட்டால் "லேசா ஒரு உரசல்தான்" என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். பழைய அலுமினியத்தில் இடித்தால் நெளிசல் தெரியும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்களின் உடல் பெரும்பாலும் கார்பன் இழைக் கலவை. பெயின்ட் நன்றாக இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதை எஞ்சினியர்தான் கருவி வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். திட்டு விழும், உண்மைதான். ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பயணிகளுக்கு. தரையில் சடாரென்று பிரேக் போட நேர்ந்தால், பையை எடுக்க எழுந்து நின்றவர்தான் முதலில் விழுவார். சீட் பெல்ட் விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருங்கள். இறக்கையை ஒட்டிய ஜன்னலில் இருப்பவருக்கு எங்களுக்குத் தெரியாதது தெரியும். தரையில் ஊர்ந்து போகும்போது எதிலோ இடித்த மாதிரி இருந்தாலோ, இறக்கையிலிருந்து ஏதோ ஒழுகுவதைப் பார்த்தாலோ, தலைக்கு மேலே உள்ள பட்டனை அழுத்திக் கேபின் ஊழியரிடம் சொல்லுங்கள். எரிபொருள் பெரும்பகுதி அந்த இறக்கைக்குள்தான் இருக்கிறது. வெறும் மழைத்தண்ணீராகவே இருந்தாலும் யாரும் உங்களைக் கோபிக்க மாட்டார்கள்.