பச்சிளங்குழந்தையின் பச்சை வாந்தி: வடசென்னைப் பெற்றோருக்குள்ள கட்டணமில்லாச் சிகிச்சை உரிமை

பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், பால் செரிக்கவில்லை என்றெண்ணி கிரைப் வாட்டரோ வசம்போ கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. டியோடினம் எனப்படும் முன்சிறுகுடல் கருவிலேயே சரியாக உருவாகாமல் அடைபட்டிருக்கலாம். கீழே இறங்க வழியில்லாத பித்தநீர்தான் துணியில் பச்சைக் கறையாகப் படிகிறது. பித்தக்குழாய் திறக்கும் இடத்துக்கு மேலே அடைப்பிருந்தால் வாந்தி பச்சையாக இராது என்பதால், குடித்த பாலையெல்லாம் விடாமல் கக்கும் குழந்தையையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடல் முறுக்கிக்கொண்டாலும் இதே பச்சை வாந்தி வரும். அப்போது இரத்த ஓட்டம் தடைபட்டுச் சில மணி நேரத்தில் குடலே அழுகிவிடக்கூடும். ஆகவே விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

இந்த அடைப்பு ஏறத்தாழ 5,000 முதல் 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதி ஸ்கேனில் பனிக்குட நீர் மிகுதியாக இருப்பது முதல் தடயமாக அமைவதுண்டு. பிறந்த பின் எடுக்கும் எக்ஸ்ரேயில், இரைப்பையிலும் முன்சிறுகுடலின் தொடக்கத்திலும் அடைபட்ட காற்று, இரண்டு கறுப்புக் குமிழிகளாக அருகருகே தெரியும். மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பையைக் காலியாக்கி, நரம்பில் திரவம் ஏற்றி உடல்நிலையைச் சீராக்கிய பிறகு, அடைப்புக்கு மேலும் கீழுமுள்ள குடல் பகுதிகளை அறுவை சிகிச்சை மூலம் இணைக்கிறார்கள். இக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் குறைபாடு இருப்பதாலும், இதயக் குறைபாடும் உடனிருக்கலாம் என்பதாலும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனையும் செய்யப்படுகிறது. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்கின்றன.

இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகுமோ என்ற அச்சத்தில்தான் பொழுது வீணாகிறது. 2011 ஜூன் 1 அன்று தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைக்கு வரும் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், மருத்துவமனைக்குச் செல்லவும் வேறு மருத்துவமனைக்கு மாற்றவும் வீடு திரும்பவும் வாகனம் ஆகிய அனைத்தும் இலவசம். முதல் 30 நாள்களுக்கு என்றிருந்த இந்த உரிமை, பின்னர் ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. பிழைப்புக்காக எண்ணூருக்கோ கொருக்குப்பேட்டைக்கோ வந்து வாடகை வீட்டில் வாழும் வெளியூர்க் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதிலிருந்து வேறானது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் இத்திட்டம், அதில் இணைந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். தனியாரிடம் போவதானால், இந்த அறுவை சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டறிவது அவசியம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தின்கீழ் தொகை பெறுகின்றன. ஸ்டான்லி, எழும்பூர் அரசு மருத்துவமனைகளில் காப்பீட்டு அட்டையைக் கேட்பது அதற்காகவே. அட்டை இல்லையென்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்த குழந்தையானால் அங்குள்ள மருத்துவர்களே மேல்சிகிச்சைக்கு அனுப்பிவைப்பார்கள். வீட்டுக்குச் சென்றபின் வாந்தி தொடங்கினால் 108-ஐ அழைத்து, குழந்தையின் வயதையும் வாந்தியின் நிறத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு ஸ்டான்லி மருத்துவமனையிலும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் உள்ளது. கைக்குக் கிடைத்தால் தாய் சேய் நல அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, குடும்ப அட்டை, தாயின் ஆதார் ஆகியவற்றை எடுத்துச் செல்லலாம். தேடி நேரம் போக்க வேண்டாம், பின்னால் ஒருவர் கொண்டுவரலாம். பெயர் வைக்கவில்லை, பிறப்புச் சான்றிதழ் வரவில்லை என்பதெல்லாம் தடையல்ல. தாயின் பெயரைக் கொண்டே குழந்தையை அட்மிட் செய்வது வழக்கம்.

வெளியே போய் மருந்து வாங்கி வரச் சொன்னாலோ பணம் கேட்டாலோ, பிரிவுத் தலைமை மருத்துவரிடமோ நிலைய மருத்துவ அலுவலரிடமோ உடனே முறையிடலாம். 104 என்ற எண்ணிலும் புகார் தெரிவிக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு, 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் தொடர் பயிற்சியும் பரிசோதனையும் இலவசமாக உண்டு. வீடு திரும்பும் நாளன்றே அதற்கான பரிந்துரைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.