அடிக்‌ஷன்: அடிமையா, நோயா, சார்பா?

சேலம் பக்கம் ஒருவர் குடியிலேயே கிடக்கிறார் என்றால், 'தண்ணிக்கு அடிமையாயிட்டாருங்க' என்பார்கள். கொஞ்சம் படித்த வீடாக இருந்தால் 'அடிக்‌ஷன்' என்பார்கள். கோபத்தில் இருப்பவர் 'குடிகாரன்' என்று முடித்துக்கொள்வார். எதைச் சொன்னாலும் ஆள் ஒருவர்தானே என்று தோன்றும். ஆனால் சினிமாவுக்கு வந்தால் அப்படியில்லை. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு திரைக்கதை இருக்கிறது. எந்தச் சொல்லை மனதில் வைத்து எழுதுகிறார்களோ, அந்தக் கதைதான் திரையில் ஓடுகிறது.

அடிக்‌ஷன் என்பதன் வேர் லத்தீன். நீதி சொல்பவர் தன் வாய்மொழியால் ஒன்றை ஒருவருக்கு உரியதாக்குவது என்பது அதன் மூலப்பொருள். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டப்படி, கடன் பட்டவருக்கு 30 நாள் தவணை. அதற்குள்ளும் கட்டாவிட்டால் அவரையே கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்துவிடலாம். அப்படி ஒப்படைக்கப்பட்டவருக்குப் பெயர் 'அடிக்டுஸ்'. கடனுக்காகப் பிடித்துவைக்கப்பட்ட ஆள், அவ்வளவுதான். அதில் மதுவும் இல்லை, போதையும் இல்லை. ஆங்கிலத்துக்கு வந்தபோது சொல் கொஞ்சம் இளகி, ஒன்றில் ஆழ்ந்த ஈடுபாடு என்றானது. ஷேக்ஸ்பியர் காலத்தில் படிப்புக்கும் 'அடிக்ட்' ஆகலாம். போதைப்பொருளோடு அது இறுகிப்போனது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

நம் 'அடிமை'யும் கிட்டத்தட்ட இதே வழியில் நடந்திருக்கிறது. அடி என்றால் பாதம். பாதத்தைச் சார்ந்து கிடக்கும் நிலை அடிமை. ஆளை விற்று வாங்கும் கொடுமைக்கும் அதுதான் பெயர். 'வழுவிலா அடிமை செய்ய வேண்டும் நாம்' என்று நம்மாழ்வார் ஆசைப்பட்டதும் அதையேதான். ஆக 'அடிக்‌ஷன்' என்பதற்கு 'அடிமைத்தனம்' என்று போட்டவர் பிழை செய்யவில்லை. வேரோடு வேர் பொருந்துகிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அடிமை என்றதும் மனம் விலங்கைத் தேடுகிறது. விலங்கு இருந்தால் அதை ஒரே வெட்டில் அறுக்கலாம். நம் படங்களில் எத்தனை முறை பார்த்திருப்போம்? அம்மாவின் படத்துக்கு முன்னால், அல்லது குழந்தையின் தலையில் கைவைத்து, 'இனிமே தொடமாட்டேன்' என்பார் நாயகன். பின்னணி இசை உயரும். பாட்டில் சுவரில் மோதிச் சிதறும். அடுத்த காட்சியில் முகம் மழித்து, வெள்ளைச் சட்டையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

இதற்குச் சேலம் மாவட்டமே ஒரு பெயர் தந்திருக்கிறது. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டுக்கு அருகில் காந்தி ஆசிரமம் நடத்திய ராஜாஜி, 1929இல் மதுவிலக்குக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கினார். கல்கி அதில் வேலை பார்த்தார். இதழின் பெயர் 'விமோசனம்'. சாபத்திலிருந்து சட்டென்று விடுபடுவதைத்தான் விமோசனம் என்போம். 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்ததும் இதே சேலம் மாவட்டத்தில்தான். அதே 1937இல், ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் வெளிவந்தது. அது 'சதி அகல்யா'. சாப விமோசனக் கதைகளில் நமக்கு முதலில் நினைவுக்கு வரும் அகலிகையின் கதை! தற்செயல்தான். ஏற்காட்டுக்கு ஏறும்போது வழியில் நிற்கிற அந்த ஸ்டூடியோ வளைவைப் பார்த்தால் எனக்கு இந்தப் பொருத்தம்தான் நினைவுக்கு வரும்.

'குடிகாரன்' வேறு கதை. பால்காரன், வண்டிக்காரன் என்பதுபோல, குடியையே தொழிலாக்கிவிடுகிற சொல் இது. இதற்குத் திரையில் இரண்டே வேலை: சிரிக்க வைப்பது, இல்லாவிட்டால் பெண்டாட்டியை அடிப்பது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

குடியிலிருந்து விடுபட்டவர்களின் கூட்டங்களில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு 'குடிநோய்', 'குடிநோயாளி' என்கிறார்கள். இந்தச் சொல்லில் எழுதினால் கதையே மாறிவிடும். நோய்க்கு அறிகுறி உண்டு, சிகிச்சை உண்டு, திரும்ப வருவதும் உண்டு. பல ஆண்டுகள் தினமும் குடித்த ஒருவர், சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குள்ளேயே சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதைத் தாண்டினாலும், அடுத்த இரண்டொரு நாளில் சித்தம் குழம்பி, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போகலாம். கட்டிலில் கட்டிப்போட்டு மோர் கொடுக்கும் காட்சியை நம்பி யாரும் வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். 1945லேயே அமெரிக்காவில் 'தி லாஸ்ட் வீக்எண்ட்' படம் இந்தச் சித்தக்குழப்பத்தைக் காட்டிவிட்டது: சுவர் ஓட்டையிலிருந்து எலி எட்டிப்பார்க்கிறது, வௌவால் பாய்கிறது, நாயகன் அலறுகிறான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. தமிழில் 2025இல் வந்த 'பாட்டல் ராதா' மறுவாழ்வு மையத்தையே முக்கியக் களமாக்கியது. அங்கிருந்து தப்பி ஓடுவதும், மறுபடி குடிப்பதும் அதில் உண்டு. அந்த 'மறுபடி'தான் நம் படங்களில் அதிகம் காணாமல்போவது. சறுக்கல் என்று அழகான சொல் இருக்கிறது. ஆனால் வசனங்களில் 'துரோகம்' என்றுதான் வருகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வேலை பார்க்கும் ஒருவர், குடியை விட்டுச் சில வருடம் ஆனவர், பேச்சுவாக்கில் சொன்னார்: 'குடிக்கிறதைக் காட்டுனா எனக்கு ஒண்ணும் பண்றதில்லீங்க. ஊத்துற சத்தம்தான். அந்தக் களக் களக்னு கேட்டுச்சுன்னா எந்திரிச்சு வெளிய போயிருவேன்.' போய் ஒரு டீ குடித்துவிட்டு, பாட்டும் முடிந்த பிறகு உள்ளே வருவாராம். பழகிய சத்தம், வாசனை, இடம் எல்லாம் வேட்கையைக் கிளப்பும் என்பது மருத்துவத்தில் தெரிந்த செய்திதான். அந்த நேரத்தில் திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருக்கும். காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. எது ஜெயிக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை முடிக்கிற விதத்தைப் பாருங்கள். 929ஆம் குறளில், போதையில் இருப்பவனுக்குக் காரணம் எடுத்துச் சொல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது மாதிரி என்கிறார். அறிவுரை வேலைக்காகாது. அடுத்த குறளிலேயே வேறு வழி: தான் தெளிந்திருக்கும் நேரத்தில், குடித்துக் கிடக்கும் இன்னொருவனைப் பார்க்கிறவன், தன் நிலையும் இப்படித்தானே என்று எண்ண மாட்டானா? எனக்குத் தெரிந்து, சினிமா இதில் என்ன செய்ய முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. சொல்லாதே, காட்டு, அதுவும் தெளிந்திருக்கும் நேரத்தில் காட்டு. மறுவாழ்வு மையங்களில் படம் போட்டுவிட்டு, அப்புறம் வட்டமாக உட்கார்ந்து பேசுவதன் சூட்சுமமும் இதுதான். தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் வாய் திறக்காதவர், 'அந்த ஆளு பண்ணது தப்புங்க' என்று படத்து ஆளைப் பற்றித் தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் பேச்சு 'அவன்' என்பதிலிருந்து 'நான்' என்பதற்கு நகர்ந்துவிடும்.

சரி, மருத்துவத் தமிழில் என்ன எழுதுவது? உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1964இல், 'அடிக்‌ஷன்' என்ற சொல்லை விட்டு, 'சார்ந்திருத்தல்' என்ற பொருள் தரும் சொல்லுக்கு மாறச் சொன்னது. அதற்குத் தமிழில் 'சார்பு', 'மதுச்சார்பு', 'போதைச்சார்பு' பொருந்தும். இழிவு இல்லாத சொல். இதற்கும் குறள் உண்டு: 'சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின் மற்றழித்துச் சார்தரா சார்தரு நோய்.' அது மெய்யுணர்தல் அதிகாரம், குடியைப் பற்றியதல்ல. ஆனாலும் சார்பும் நோயும் ஒரே குறளுக்குள் நிற்பதைப் பார்த்தால் விட மனம் வரவில்லை. அறிக்கையிலும் பாடநூலிலும் 'சார்பு' எழுதலாம். வசனத்தில் வைத்தால் ஏதோ கட்சி விவகாரம் போல ஒலிக்கும். அங்கே 'குடிநோய்'தான் சரி.

இன்னொரு சோடிச் சொல்லையும் பிரித்துவைக்க வேண்டும். மீட்பு வேறு, மீட்சி வேறு. அடகு வைத்த கொலுசை மீட்கிறோம். கொலுசுக்கு அதில் வேலை இல்லை, பணம் கட்டுபவர்தான் மீட்கிறார். குடித்தவரையும் அப்படித்தான் அடகுப்பொருளாக்கி, நாயகியோ நண்பனோ மீட்டு வருவதாகக் காட்டுகிறோம். ரோமாபுரியில் கடன் பட்டவரின் கதையேதான். மீள்வது தானே செய்வது. மையத்தின் பலகையில் 'மீட்பு' இருக்கட்டும், அது அவர்கள் வேலை. அந்த ஆளின் கதைக்கு 'மீட்சி' என்றே எழுதுங்கள்.

சேலத்தில் குடியை நிறுத்த உதவி தேடுபவருக்கு முதல் படி அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. தொலைபேசியில் பேச 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்.

'முன்னாள் குடிநோயாளி' என்று மட்டும் எழுத வேண்டாம். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில், குடியை விட்டு 20 வருடம் ஆனவரும் எழுந்து நின்று 'நான் ஒரு குடிநோயாளி' என்றே தொடங்குகிறார். 'இன்று ஒருநாள் குடிக்க மாட்டேன்' என்பதுதான் அவர்கள் கணக்கு. 'திருந்திட்டான்' என்ற சொல்லை அங்கே யாரும் பயன்படுத்துவதில்லை.