திருசியமா, நிறமாலையா?

திருகோணமலையில் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குத் திருசியமானி பழகிய கருவி. அரியத்தை (முப்பட்டகக் கண்ணாடியை) மேசையில் வைத்து, தொலைகாட்டியூடாகப் பார்த்து, விலகற் கோணத்தை அளந்திருப்பார்கள். அவர்களே தமிழ்நாட்டு நூலொன்றைப் புரட்டினால், திருசியம் இருக்கவேண்டிய இடத்தில் நிறமாலை என்ற சொல்லைக் காண்பார்கள். இரண்டும் ஸ்பெக்ட்ரம் என்பதற்கு ஈடானவையே.

ஸ்பெக்ட்ரம் என்பது ‘பார்’ என்னும் பொருள்கொண்ட இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, ‘தோற்றம்’ என்ற பொருளில் வழங்கிய சொல். அரியத்தினூடாகப் பிரிந்து விழுந்த நிறப் பட்டைக்கு நியூற்றன் அதனை 1672இல் வெளியான கட்டுரையில் ஆண்டார். திருசியமும் ‘காண்’ என்னும் வடமொழி வினையடியிலிருந்து வந்து ‘காணப்படுவது’ எனப் பொருள்படுவதால், மூலச்சொல்லுக்கு அதுவே நெருக்கமானது. ஆயினும் என் தெரிவு நிறமாலையே. அதற்குக் காரணம் ஊதாப் பற்றீரியாக்கள்.

ஒளித்தொகுப்புச் செய்யும் இந்த நுண்ணுயிர்களின் ஒளி அறுவடைப் புரதத் தொகுதிகளுள் ஒன்று, ஏறத்தாழ 800, 850 நனோமீற்றர் அலைநீளங்களில், நம் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ் ஒளியை உறிஞ்சுகிறது. அங்கே ‘காணப்படுவது’ என்ற பொருள் நிற்காது. நிறம் என்பதும் நேர்ப்பொருளில் நிற்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிற்பது மாலை. பாமாலை, சொன்மாலை என்பவற்றில் போல, அது வரிசையாகக் கோக்கப்பட்டதைக் குறிக்கிறது.

அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் அதிர்வாலும், ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும் எண்ணற்ற தொகுதிகளை ஒருசேர அளப்பதாலும், உறிஞ்சற் பட்டைகள் அகன்று மங்குகின்றன. குளிர்வித்தால் அதிர்வு அடங்கும். தனித்த ஒரு தொகுதியையே நோக்கினால் மற்றக் குழப்பமும் நீங்கும். 1999இல் வெளியான ஆய்வொன்றில் தனிப்பூச்சியத்தை அண்டிய 1.2 கெல்வினில் இவ்வாறு நோக்கியபோது, 800 நனோமீற்றர்ப் பகுதி ஒடுங்கிய தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்தது. இத்தொகுதியில் ஒளியை உறிஞ்சும் நிறப்பொருள்களான பற்றீரியோகுளோரோபில்கள் இரு வளையங்களாக அமைந்துள்ளன. 800 நனோமீற்றருக்குரிய வளையத்தின் ஒன்பதும் விலகியிருந்து, பெரும்பாலும் தனித்தனியே ஒளியை ஏற்பவை. 850 நனோமீற்றருக்குரிய வளையத்தில் நெருங்கியிருக்கும் பதினெட்டும் ஏற்ற சக்தியைத் தமக்குள் பகிர்வதால், அங்கே அகன்ற சில பட்டைகளே தெரிந்தன. ஒருபுறம் மணிமணியாகவும் மறுபுறம் நெருக்கித் தொடுத்ததாகவும் அமைந்த இதனை மாலை என்பதைவிடப் பொருத்தமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இவ்வாறு குளிர்வித்து ஒளி உறிஞ்சலை ஆராயும் துறையைத் தாழ்வெப்பநிலை நிறமாலையியல் என்று எழுதலாம். பாடசாலை ஆய்வுகூடத்துக் கருவி திருசியமானியாகவே இருக்கட்டும். அதனூடாக நாம் கண்ணாற் பார்க்கிறோம்.