ஆயிரம் கதவுக்கு ஒரு ஆள்

முதலில் ஒரு கணக்கு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வருடா வருடம் தங்கள் ஊழியத்தைப் பற்றி ஓர் உலக அறிக்கை வெளியிடுவார்கள். 2019 ஊழிய ஆண்டில் (அவர்களுக்கு ஆண்டு செப்டம்பரில் ஆரம்பித்து ஆகஸ்டில் முடியும்) உலகம் முழுக்க அவர்கள் ஊழியத்துக்குச் செலவழித்த நேரம் சுமார் 208 கோடி மணி. வீடு வீடாகப் போவது, தெருவோரம் புத்தக வண்டி வைத்து நிற்பது, ஆர்வம் காட்டியவர்களுக்கு பைபிள் படிப்பு நடத்துவது எல்லாம் இதில் சேர்த்தி. அந்த ஆண்டு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் சுமார் 3 லட்சத்து 3 ஆயிரம் பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு 6,800 மணி நேரத்துக்கும் மேல். அதாவது தினம் எட்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு போடாமல், இரண்டு வருடம் நாலு மாதம் உழைத்தால் ஒரே ஒரு ஆள். அந்த 3 லட்சத்திலும் ஒரு பகுதி ஏற்கெனவே சாட்சிகளின் வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்.

சோப்பு விற்கிற கம்பெனி எதுவும் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஆள் அனுப்பாது. இவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் போகிறீர்கள் என்று அவர்களையே கேட்டால் பதில் தயாராக இருக்கும். 'நீங்கள் புறப்பட்டுப்போய்' என்று மத்தேயு 28-ல் இயேசு சொல்கிறார். பவுல் 'வீடுகள்தோறும்' போதித்ததாக அப்போஸ்தலர் 20-ல் வருகிறது. எசேக்கியேல் 33-ல் இன்னும் கடுமையான ஒன்று: எதிரி வருவதைப் பார்த்தும் எக்காளம் ஊதாத காவற்காரன்மேல்தான் செத்தவர்களின் இரத்தப்பழி விழும். அவர்களுடைய பத்திரிகைக்கு 'காவற்கோபுரம்' என்று பெயர் இருப்பது சும்மா இல்லை. சார்ல்ஸ் டேஸ் ரசல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1879-ல் அந்தப் பத்திரிகையை ஆரம்பித்தார். அவருக்குப் பின் வந்த ரதர்ஃபோர்டு, 1922-ல் ஒஹையோவின் சீடார் பாயின்ட் மாநாட்டில், ராஜாவையும் ராஜ்யத்தையும் விளம்பரப்படுத்துங்கள் என்று மேடையிலேயே மூன்று முறை அடுக்கிச் சொன்னார். 1930களில் கையில் தூக்கிப் போகிற கிராமஃபோனோடு கிளம்பி, வாசலில் வைத்துப் பிரசங்க இசைத்தட்டைப் போட்டார்கள். வீட்டுக்காரர்களின் பொறுமையை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பதில் பொய் இல்லை. பக்கத்து வீடு தீப்பிடித்து எரிகிறது என்று மனசார நம்புகிறவன் கதவைத் தட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் இதே மத்தேயு 28-ஐத்தான் கத்தோலிக்கர்களும் வாசிக்கிறார்கள், பாளையங்கோட்டையில் சிஎஸ்ஐ சபையாரும் வாசிக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் சனிக்கிழமை காலையில் பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவதில்லையே. ஒரே வசனம், வேறு வேறு பழக்கம். அப்படியானால் வசனத்தைத் தாண்டி இன்னொன்று இந்தப் பழக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அது என்ன என்பதற்கான முதல் தடயம் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. 1960களின் ஆரம்பத்தில் ஜான் லோஃப்லண்ட், ராட்னி ஸ்டார்க் என்ற இரண்டு சமூகவியல் மாணவர்கள், மக்கள் எப்படிப் புது மதத்துக்குப் போகிறார்கள் என்று நேரில் பார்க்கக் கிளம்பினார்கள். கொரியாவிலிருந்து வந்த சன் மியுங் மூனின் இயக்கம் அப்போது அங்கே ஒரு சின்னக் கும்பலாக இருந்தது. பிரசங்கம், வானொலி, துண்டுப் பிரசுரம் என்று என்னென்னவோ செய்தும் அந்நியர்கள் யாரும் அசையவில்லை. சேர்ந்தவர்களைப் பார்த்தால் ஒருத்திக்குத் தோழி, அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, அப்புறம் அவள் கணவன். கொள்கையைக் கேட்டு மயங்கி வந்தவர்களைவிட, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களோடு ஒட்டிப் பழகியதால் வந்தவர்கள்தான் அதிகம்.

பிறகு ஸ்டார்க்கும் வில்லியம் பெயின்பிரிட்ஜும் சேர்ந்து 1980-ல் எழுதிய கட்டுரையில், அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையின் கணக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். அவர்களும் வீடு வீடாகப் போகிறவர்கள்தான். வாஷிங்டன் மாநிலத்தில் 1976-77-ல் ஊழியம் செய்த இளைஞர்களின் கணக்கு அது. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினால் ஆயிரத்தில் ஒன்றுதான் மதமாற்றத்தில் முடிந்தது. அதே ஆட்களை ஒரு மார்மன் நண்பர் அல்லது உறவினர் வீட்டில் உட்காரவைத்து முதல் பேச்சை ஆரம்பித்தால், இரண்டில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்று எங்கே, இரண்டில் ஒன்று எங்கே! இது ஏதோ ரகசிய ஆவணத்தில் கிடைத்த எண்ணும் இல்லை, சபையே எழுதிவைத்த கணக்கு. தட்டுவதால் பெரிதாக ஆள் கிடைக்காது என்று தட்டுகிறவர்களுக்கே தெரியும்.

எங்கள் தெருவுக்கு அவ்வப்போது சாட்சிகளில் ஓர் அக்காவும் அவருடன் ஒரு கல்லூரிப் பெண்ணும் குடையோடு வருவார்கள். ஒரு தடவை தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன், "அக்கா, நாள் பூரா போறீங்களே, யாராவது கேக்குறாங்களா?" அவர் சிரித்துவிட்டு, "நிறையப் பேர் கேக்க மாட்டாங்க தம்பி. ஆனா போயிட்டு வந்தா மனசு நல்லா இருக்கும்" என்றார். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதில் பாதியை அவரே சொல்லிவிட்டார். கதவைத் தட்டுவதன் பெரிய விளைவு கதவுக்கு உள்ளே இருப்பவரிடம் நடப்பதில்லை, வெளியே நிற்பவரிடம் நடக்கிறது.

எப்படி? பேசுகிற வாய் தன் மனசையும் பேசி மாற்றும். டோரி ஹிக்கின்ஸும் வில்லியம் ரோல்ஸும் 1978-ல் ஒரு சோதனை செய்தார்கள். டொனால்ட் என்ற ஒருவனைப் பற்றி ஒரு பத்தி கொடுத்து, அவனை இன்னொருவருக்கு விவரிக்கச் சொன்னார்கள். அந்த இன்னொருவருக்கு டொனால்டைப் பிடிக்கும் என்று சிலரிடமும் பிடிக்காது என்று சிலரிடமும் சொல்லிவைத்தார்கள். எல்லாரும் கேட்பவருக்கு ஏற்றமாதிரி கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் விவரித்தார்கள், நாமும் அப்படித்தானே செய்வோம். வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நாள் கழித்து அந்தப் பத்தியை நினைவுபடுத்தச் சொன்னபோது, படித்ததைவிடத் தாங்கள் சொன்னதைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை சொன்னதற்கே இப்படி. வாரத்துக்கு நாற்பது வாசலில் நின்று, "இந்த உலகம் சீக்கிரமே மாறப்போகிறது" என்று தன் குரலில், தன் வார்த்தையில் சொல்கிறவருக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்களே, அது நம்பிக்கையைக் குலைக்காதா? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வில்லியம் மெக்குவைர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களின் தொடக்கத்தில், யாரும் மறுத்தே பேசாத நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டார். உதாரணமாக, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் பல் தேய்ப்பது நல்லது. சிலருக்கு அதற்கு ஆதரவான வாதங்களை மட்டும் படிக்கக் கொடுத்தார். வேறு சிலருக்கு அதற்கு எதிரான சோப்ளாங்கி வாதங்கள் இரண்டையும், அவற்றுக்கான மறுப்பையும் கொடுத்தார். பிறகு இரண்டு கும்பலுக்கும் பலமான எதிர்வாதம் ஒன்றைக் காட்டினார். ஆதரவு மட்டுமே படித்தவர்கள் ஆடிப்போனார்கள், சோப்ளாங்கி எதிர்ப்பைப் பார்த்துப் பழகியவர்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். தடுப்பூசி வேலை செய்கிற விதம்தான் இது, பலவீனமான கிருமியை உடம்புக்குக் காட்டிப் பழக்குவது. மெக்குவைரும் அந்தப் பெயரைத்தான் வைத்தார்.

இப்போது நம் வீட்டு வாசலில் நாம் என்ன சொல்கிறோம்? "எங்களுக்கும் சாமி இருக்கு." "எல்லா மதமும் ஒண்ணுதாங்க." "நேரமில்லை." இவை எல்லாம் அவர்கள் ஆயிரம் தடவை கேட்டவை. அதற்கும் மேலே, 1943-லிருந்தே சாட்சிகளின் சபையில் இதற்குப் பயிற்சி உண்டு. இன்றைக்கும் வார நடுக் கூட்டத்தில் இரண்டு பேர் மேடையேறி, ஒருவர் ஊழியராகவும் இன்னொருவர் வீட்டுக்காரராகவும் நடித்துக் காட்டுவார்கள். வீட்டுக்காரர் இப்படிச் சொன்னால் நீங்கள் இப்படிப் பதில் சொல்லலாம் என்று ஒத்திகை. அதாவது நம்முடைய எதிர்ப்பு அவர்களுக்கு முன்கூட்டியே அளந்து வைத்த ஊசி. போதாக்குறைக்கு, உலகம் உங்களைப் பகைக்கும் என்று வேதத்திலேயே இருக்கிறது. நாய் குரைத்தால்கூடத் தீர்க்கதரிசனம் நிறைவேறிய மாதிரிதான்.

வெயிலில் அலைகிற சிரமமும் வீணாவதில்லை. எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959-ல் ஒரு கலந்துரையாடல் குழுவில் சேரக் கல்லூரி மாணவிகளுக்கு நுழைவுச் சடங்கு வைத்தார்கள். சிலருக்குக் கூச்சப்படவைக்கும் ஆபாச வார்த்தைகளை ஓர் ஆண் முன்னால் உரக்க வாசிக்கும் வேலை. பிறகு கேட்ட கலந்துரையாடலோ வேண்டுமென்றே தயாரித்த படு அறுவை. அதிகம் சங்கடப்பட்டவர்கள்தான் அதை 'நன்றாக இருந்தது' என்றார்கள். இவ்வளவு பட்டு இதற்கா என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. கூடவே, ஒருவருக்கொருவர் அந்தச் சிரமத்தைப் பார்க்கவும் செய்கிறார்கள். வாயால் நம்புகிறேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மே மாத மத்தியானத்தில் மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய்த் திட்டு வாங்கிக்கொண்டு இறங்குகிறவர் உண்மையிலேயே நம்புகிறார் என்று கூட வந்த கல்லூரிப் பெண்ணுக்குத் தெரியும். மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009-ல் எழுதியது இதைத்தான்: சொல்வதைவிட, விலை கொடுத்துச் செய்து காட்டுவதைப் பார்த்துத்தான் நம்பிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது. இருவர் இருவராக அனுப்புவதன் அர்த்தம் இங்கேதான் புரிகிறது. ஆள் துணை மட்டும் இல்லை, சாட்சியும்கூட.

மார்மன் இளைஞர்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம், பெரும்பாலும் குடும்பக் காசில், ஊரைவிட்டு எங்கோ தொலைவில், கூட வரும் துணையைவிட்டுப் பிரியாமல். 2012-லிருந்து பையன்கள் பதினெட்டு வயதிலேயே போகலாம். மற்ற சபைகளில் பிள்ளைகள் கோவில் பக்கமே வராமல் நழுவுகிற வயது அது. அந்த வயதில் இவர்கள் பிள்ளையை ஆசிரியர் நாற்காலியில் தூக்கி உட்காரவைத்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் வெளியாள் கண்டுபிடித்த ரகசியம் என்று நினைத்தால், தப்லீக் ஜமாஅத்தைப் பாருங்கள். 1920களில் டெல்லிக்குப் பக்கத்து மேவாத்தில் மௌலானா முஹம்மது இல்யாஸ் ஆரம்பித்தது. மாதம் 3 நாள், வருடத்தில் 40 நாள் என்று சொந்தச் செலவில் படுக்கையைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள், பள்ளிவாசலில் தங்குவார்கள், சாயங்காலம் 'கஷ்த்' என்று வீடு வீடாகப் போவார்கள். தமிழ்நாட்டிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர்கள் தட்டுவது முஸ்லிம் வீடுகளை மட்டும்தான், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைப்பதற்கு. மதமாற்றம் என்ற பேச்சே இல்லை. போகிறவனுடைய சீர்திருத்தம்தான் முதல் நோக்கம் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வார்கள். சமூகவியலாளர்கள் சுற்றி வளைத்துப் பிடித்ததை மௌலானா முதல் நாளே சொல்லிவிட்டார்.

தீர்க்கதரிசனம் பொய்த்தால் அந்தக் கசப்பை மறைக்கத்தான் சாட்சிகள் மாதிரி ஆட்கள் பிரசாரம் செய்கிறார்கள் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. 1954-ல் சிகாகோ பக்கம் உலகம் அழியும் என்று காத்திருந்த ஒரு சின்னக் குழுவை லியோன் ஃபெஸ்டிங்கர் ஆராய்ந்ததிலிருந்து வந்தது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தக் குழுவுக்குள் ஆராய்ச்சியாளர்களே பக்தர் வேஷத்தில் புகுந்திருந்தார்கள், யார் யாரைத் தூண்டினார்கள் என்று எப்படிப் பிரிப்பது? சாட்சிகளும் 1975-ல் இந்த உலகத்துக்கு முடிவு வரும் என்று பெரிதாக எதிர்பார்த்து ஏமாந்தார்கள். அதற்குப் பிறகு 1977, 78-ல் அவர்கள் எண்ணிக்கை குறையத்தான் செய்தது.

நான் மேலே சொன்னதிலும் ஓட்டை உண்டு. தீவிர நம்பிக்கை உள்ளவர்தான் முதலில் தட்டக் கிளம்புகிறார், அதனால் தட்டுகிறவர்கள் உறுதியாக இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நியாயம்தான். ஒரு சபையைப் பாதியாகப் பிரித்து, நீ தட்டு, நீ தட்டாதே என்று யாரும் சோதனை செய்ய முடியாது.

கொரோனா கிட்டத்தட்ட அதைச் செய்தது. 2020 மார்ச்சில் சாட்சிகள் உலகம் முழுக்க வீடு வீடாகப் போவதை நிறுத்தினார்கள், 2022 செப்டம்பரில்தான் மீண்டும் ஆரம்பித்தார்கள். ஞானஸ்நானம் 2021-ல் சுமார் 1 லட்சத்து 71 ஆயிரமாக விழுந்தது. ஆகவே கதவுகள் ஒன்றுக்குமே உதவாதவை என்று சொல்ல முடியாது, மாநாடுகளும் நேர்க் கூட்டங்களும் கூடவே நின்றிருந்தன என்றாலும். ஆனால் ஊழியம் செய்பவர்களின் எண்ணிக்கை? 86 லட்சத்துக்கு மேல், 2019-ல் இருந்த அதே இடத்தில். அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களுக்குக் கையால் கடிதம் எழுதினார்கள், போன் போட்டார்கள், அந்த ஆண்டும் 142 கோடி மணி நேரம் கணக்கு வந்தது. யார் படிப்பார் என்றே தெரியாத கடிதத்தை மணிக்கணக்கில் எழுதுவது யாருக்காக என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2023 நவம்பரில் ஒரு மாற்றம் வந்தது. பயனியர்கள் (ஊழியத்துக்கு இத்தனை மணி என்று ஒப்புக்கொண்டவர்கள்) தவிர மற்ற சாட்சிகள் இனி மணிக்கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம், இந்த மாதம் ஊழியத்தில் கலந்துகொண்டேன் என்று ஒரு டிக் போட்டு, நடத்திய பைபிள் படிப்புகளின் எண்ணிக்கையைக் குறித்தால் போதும். நூறு வருடமாக எண்ணிவந்த மணியை எண்ணாமல் விட்டால் அக்காக்கள் முன்போல வருவார்களா? எங்கள் தெருவைப் பொறுத்தவரை போன சனிக்கிழமையும் வந்தார்கள். அந்தக் கல்லூரிப் பெண்தான் பேசினாள், அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.