4 நிமிட வேலைக்கு 76 நிமிடக் காத்திருப்பு

டர்பன் சாட்ஸ்வர்த் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கன்டெய்னர்களை ரயிலில் அனுப்பினால் லாரி நெரிசல் குறையும் என்கிறார்களே, ரயில் யார்டு வாசலிலும் லாரிகள் வரிசை கட்டி நிற்பது ஏன்?"

ரயில் மொத்த வியாபாரம், லாரி சில்லறை. டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க்கின் சிட்டி டீப் கன்டெய்னர் யார்டுக்கு 50 வேகனோடு ஒரு ரயில் போய் நின்றால், வேகனுக்கு ஒரு 40 அடிப் பெட்டி என்றாலும் ஒரே மூச்சில் 50 லாரிக்கு வேலை. தூக்கிக் கொடுக்க நிற்பதோ ஒரு ரீச் ஸ்டாக்கர், அதாவது கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் மெஷின்.

ஒரு லாரிக்குச் சராசரி 4 நிமிடம் என்று வைப்போம். லாரிகள் இஷ்டப்பட்ட நேரத்தில் வர, வேலை நேரமும் தாறுமாறாகக் கூடிக் குறைய, மெஷின் 80 சதவீத நேரம் ஓடினால் சராசரிக் காத்திருப்பு 16 நிமிடம். 90 சதவீதத்தில் 36. 95 சதவீதத்தில் 76! காரணம் அழகானது. லாரி வராமல் மெஷின் சும்மா நின்ற நேரத்தைப் பிறகுக்கு எடுத்து வைக்க முடியாது. 95 சதவீதம் என்றால் மணிக்கு மிஞ்சுவது 3 நிமிடம். ஒரு லாரிக்குக்கூடக் காணாது. எதிர்பாராமல் 5 லாரி கூடிவிட்டால் அந்த 20 நிமிட வேலையை அடைக்க ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகும்.

1961-இல் பிரிட்டிஷ் கணித அறிஞர் ஜான் கிங்மன் தந்த தோராயச் சூத்திரம் இதற்கு வழி காட்டுகிறது. வருகையின் ஒழுங்கின்மை ஒன்று, வேலை நேரத்தின் ஒழுங்கின்மை மற்றொன்று. இரண்டின் சராசரியால் காத்திருப்பைப் பெருக்க வேண்டும். முழுத் தாறுமாறுக்கு 1, கடிகார ஒழுங்குக்கு 0. இரண்டையும் 0.25-க்கு இறக்கினால் அந்த 76 நிமிடம் 19 ஆகிவிடும், அதே மெஷினை வைத்துக்கொண்டே. (புதுக் கிரேனுக்கு ரிப்பன் வெட்டலாம், அட்டவணைக்கு வெட்ட முடியாது. இந்தக் கணக்கு படித்தவர்களுக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வராததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.)

வருகையைச் சீராக்க ஸ்லாட், அதாவது ஒவ்வொரு லாரிக்கும் ஒதுக்கிய நேரம், வேண்டும். ஒரு மணி நேர ஸ்லாட் கொடுத்தால் எல்லாரும் முதல் பத்து நிமிடத்திலேயே வந்து குவிவார்கள். 15 நிமிடம் போதும். அதுவும் கால அட்டவணையை நம்பிக் கொடுக்கக் கூடாது. கேபிள் திருட்டால் ரயில் வழியில் நின்றுவிடும். ரயில் வழியிலுள்ள நியூகாசில் ஊரைத் தாண்டிய பிறகு நேரத்தைத் திருத்தி டிரைவரின் போனுக்கு அனுப்ப வேண்டும்.

வேலை நேரம் கெடுவது அடுக்கில். நாலு உயர அடுக்கில் ஏதோ ஒரு பெட்டியைக் கேட்டால், அதன் மேலிருந்து சராசரி ஒன்றரைப் பெட்டியை நகர்த்த வேண்டும். ஸ்லாட் முன்கூட்டியே தெரிந்தால் காலை ஆறு மணிப் பெட்டி மேலே, மாலைப் பெட்டி அடியில் என்று இரவிலேயே அடுக்கிவிடலாம்.

இதையெல்லாம் கெடுப்பது, 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூன்று ஸ்லாட் பிடித்து ஒன்றுக்கு மட்டும் வரும் கம்பெனிகள். முன்பணம் வாங்கி, வராதவர்களுக்குத் திருப்பித் தராமல் இருந்தால் இந்தப் பழக்கம் அடங்கும்.